இடது காதில் பாடியவள்

மகனே,

நலம் விசாரித்து எழுதவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். நலமில்லாதவன் போனில் அவ்வளவு அதிகாரமாகப் பேசமாட்டான். "சித்தப்பா, அந்த ஒரிஜினல் கெசட்டக் கொழும்பு பஸ்ல குடுத்து விடுங்க, கண்டக்டர்கிட்ட என் நம்பரச் சொல்லுங்க" என்றாய். அடுத்த மாதம் கடல் தாண்டப் போகிறாய் என்றாய். யாரும் கண்டுகொள்ளாத பேண்டுகளைத் தேடித் தேடிக் கண்டுபிடித்து உலகத்துக்குக் காட்டுகிற ஒரு வெள்ளைக்காரர், நம்முடைய பாட்டுக் கெசட்டின் தேய்ந்துபோன பிரதி ஒன்றைக் கேட்டு மயங்கிக் கிடக்கிறார் என்றாய். எல்லாம் நல்ல செய்திதான். நான் ஒன்றே ஒன்று கேட்டேன், அதில் பாடிய யோகேஸ்வரியின் பேரைப் போடுவாயா என்று. நீ சிரித்தாய். "அது பாட்டில்ல சித்தப்பா, ஒரு வாத்தியம் மாதிரி. வாத்தியத்துக்கெல்லாம் பேர் போடமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, நான் சாப்பிட்டேனா என்றுகூடக் கேட்காமல் வைத்துவிட்டாய். சாப்பிட்டேன். இன்றைக்கும் சாப்பிட்டேன், ரொட்டியும் கட்டச் சம்பலும். சாப்பிட்ட தெம்பில்தான் இதை எழுதுகிறேன். ஒரு பிரதியைக் கடைக் கண்ணாடியில் ஒட்டப் போகிறேன். ராகலை டவுனும் படிக்கட்டும்.

போகிற பிள்ளைக்குப் பெரியவர்கள் புத்தி சொல்வார்கள். எனக்கு அந்த உரிமை உண்டு. அண்ணனும் அண்ணியும் போன பிறகு உன்னைத் தோளில் தூக்கி வந்து வளர்த்தவன் நான். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்திருக்கிறேன். கூட்டிப் பார்த்தால் உன் படிப்பைவிட அதிகம். ராகலையிலிருந்து உடப்புசல்லாவை வரைக்கும் என் கோன் ஸ்பீக்கர் பாடாத கோயில் இல்லை. என் ரெக்கார்டிங் பார் கடையில் கெசட்டில் பாட்டுப் பதியாத கல்யாண வீடு இல்லை. ஒரு தடவை என் ஸ்பீக்கர் சத்தத்துக்கு மலையிலிருந்து கல் உருண்டு, ரோட்டை மூடி, தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரையின் ஜீப்பே திரும்பிப் போனது. மழையில் சரிந்த கல் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்மேல் பொறாமை.

நீ இன்று அந்த வெள்ளைக்காரருக்கு முன்னால் கண்டுபிடிப்பாளன் போல நிற்கிறாய். முதலில் கண்டுபிடித்தவன் யார் என்று எழுதி வைக்கிறேன். தொண்ணூறுகளில் ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவுக்குக் கொழும்புக் கார்கள் ஏறி வரும். அப்பாக்கள் குதிரைப் பந்தயத்துக்குப் போவார்கள். பிள்ளைகள் காதில் வாக்மனை மாட்டிக்கொண்டு சலித்துப்போய் ஏரிக்கரையில் நிற்பார்கள். நான் அங்கே ஒரு சின்ன மேசை போட்டு, வாக்மன் ஹெட்டை இலவசமாகத் துடைத்துத் தருவதாகப் பலகை வைத்தேன். பிள்ளைகள் வாக்மனையும் கெசட்டையும் தந்துவிட்டுப் படகு ஓட்டப் போவார்கள். திரும்பி வருவதற்குள் ஹெட்டும் சுத்தமாகும், கெசட்டின் பிரதி ஒன்றும் என்னிடம் இருக்கும். இதைத் திருட்டு என்பவர்களுக்கு இசை தெரியாது.

அப்படி வந்ததில் ஒன்றை முதல் தடவை போட்டபோது கெசட் சிக்கிக்கொண்டது என்று நினைத்தேன். ஒரே இரைச்சல். ஸ்பிரிட் வைத்து ஹெட்டைத் துடைத்தேன், ரப்பர் சக்கரத்தைத் துடைத்தேன், பெல்ட்டைக்கூட மாற்றினேன். இரைச்சல் அப்படியே இருந்தது. கைவிட்டுவிட்டு உட்கார்ந்தபோதுதான் அதற்குள் யாரோ ஒரு பெண் பாடுகிறாள் என்று தெரிந்தது. தேயிலை ஃபேக்டரியில் ரோலர் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது, மேலே கொழுந்தை வாட்டி உலர்த்துகிற வாட்டு மாடியில் காற்றாடிகளுக்கு நடுவே நின்று ஒருத்தி தனக்குத்தானே பாடினால் எப்படிக் கேட்கும், அப்படி. வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் அவள் எதையோ இழந்துவிட்டாள் என்பது மட்டும் பிடிபட்டது. உன்னைக் கூப்பிட்டு ஹெட்ஃபோனை மாட்டினேன். நீ முகத்தைச் சுளித்து, "மெஷின் பழுதா சித்தப்பா" என்று கேட்டாய். இதை அந்த வெள்ளைக்காரரிடம் சொல். சொல்லமாட்டாய்.

அதற்குப் பிறகு நாம் இரண்டு பேரும் அந்தச் சங்கீதத்தைத் தேடி அலைந்தது நினைவிருக்கும். கெசட் அட்டைகளைப் பிரதி எடுக்க முடியாததால் பேண்டுகளின் பேர் நமக்குத் தெரியாது. நான்தான் பேர் வைத்தேன். தொண்டை கிழியக் கத்திவிட்டுக் கடைசியில் சளி பிடித்தவர்கள் மாதிரி முணுமுணுக்கிறவர்களுக்குத் தடிமன்காரர்கள். மழை தகரத்தில் விழுவது போலக் கிட்டார் வாசித்தவர்களுக்குத் தகரக் கொட்டகை. எந்தப் பாட்டையும் முடிக்கத் தெரியாமல் இழுத்துக்கொண்டே போனவர்களுக்குக் கொழும்பு ரயில். அவர்களுடைய சொந்த ஊரிலேயே பத்துப் பேர் கேட்டிருப்பார்களா தெரியாது, நம் கடையில் தடிமன்காரர்களுக்கு ரசிகர் கூட்டம் இருந்தது. பேக்கரிக்கார முதலாளியின் மகன் சமன் பாண் சுடுகிற வேலையை விட்டுவிட்டு வந்து, கவிழ்த்த பெயிண்ட் வாளிகளில் தாளம் போடுவான். ஆளில்லாத பேண்டுகளை நாம்தான் வாழ வைக்கிறோம் என்று மூன்று பேரும் நம்பினோம். பெரிய சந்தோஷம் அது. அந்தச் சந்தோஷத்தில்தான் உனக்குக் கெடுதல் தொடங்கியது. யாரும் கேட்காததைக் கேட்கிறவன் மற்றவர்களுக்குக் காது இல்லை என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறான்.

ஒரு சீசனில் யாரோ ஒரு பிள்ளை தவறவிட்ட சஞ்சிகையில் அப்படிப்பட்ட பேண்ட் ஒன்றின் படம் இருந்தது. எல்லோரும் தலையைக் குனிந்து காலடியைப் பார்த்தபடி வாசித்துக்கொண்டிருந்தார்கள். "என்னடா இது, பெரட்டுக் களத்துல தொரை முன்னுக்கு நிக்கிற ஆளுங்க மாதிரி நிக்கிறானுங்க" என்றேன். நீ விளக்கினாய், காலடியில் சத்தத்தை மாற்றுகிற பெட்டிகள் இருக்கின்றன, அதைத்தான் பார்க்கிறார்கள் என்று. சரி என்று பழைய றேடியோக்களைப் பிரித்து உனக்கு அந்தப் பெட்டிகளைச் செய்து தந்தவன் யார்? ஒன்று மிதித்தால் ஆற்றில் கல் உருளும், இன்னொன்று மிதித்தால் ஃபேக்டரிச் சங்கு ஊதும். கொழும்பிலும் அப்படி ஒன்று கிடையாது. நீயும் குனியப் பழகினாய். உன் பாட்டன் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டில் பயந்து குனிந்தார். நீ அடுத்தவர் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகக் குனிந்தாய்.

யோகேஸ்வரி பக்கத்து லயத்து வீட்டுப் பிள்ளை. படிப்பை நிறுத்திவிட்டுக் கொழுந்து எடுக்கப் போனவள். மார்கழிப் பஜனையில் அவள் ஆரம்பித்தால் மற்றப் பெண்கள் நிறுத்திவிடுவார்கள், மரியாதைக்காக அல்ல, கேட்பதற்காக. மேல் மலையில் அவள் பாடினால் கீழ்மலையில் கங்காணி கத்துவதை நிறுத்துவார் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். மற்றக் கதைகளில் நான் கொஞ்சம் சேர்ப்பேன். இதில் சேர்க்கவில்லை. அவளைக் கூட்டி வந்தவன் நீ. அந்த இரைச்சலுக்குள் பாட ஒரு பெண் வேண்டும் என்று அவளுடைய அம்மாவிடம் கெஞ்சி, என் பேரைச் சொல்லி அனுமதி வாங்கினாய். அவள் என் கடையில் உட்கார்ந்து தகரக் கொட்டகையைக் கேட்டுவிட்டு, "இந்த அக்கா அழுவுறாங்களா பாடுறாங்களா மாமா" என்று கேட்டாள். இரண்டும்தான் என்றேன். "அப்ப எனக்கு வரும்" என்றாள்.

மூடிக்கிடந்த பழைய ஃபேக்டரியின் வாட்டு மாடியில் பதிவு செய்தோம். வாட்சரைக் கைக்குள் போட்டது நான். நீயும் சமனும் நடு மாடியில் நின்றீர்கள். அவளைத் தூர மூலையில் கணக்கெழுதுகிற கிளாக்கர் இருந்த அறைக்குள் விட்டு, சுற்றிலும் சாக்குகளைத் தொங்கவிட்டுக் கதவைச் சாத்தினேன். என் டெக்கில் இரண்டு மைக் குத்துகிற ஓட்டை உண்டு, இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று. அவளுடைய மைக்கை இடதில் குத்தினேன். உங்கள் இரண்டு பேரின் சத்தத்தையும் வலதில் குத்தினேன். பெரிய ஸ்டூடியோக்காரனும் யோசிக்காத வேலை அது. அந்த ஒரிஜினல் கெசட்டை ஹெட்ஃபோனில் கேட்டால் இடது காதில் அவள் மட்டும் பாடுவாள். உங்கள் இரைச்சல் அடுத்த மலையில் அடிக்கிற தப்பு மாதிரித்தான் அவளுக்குப் பின்னால் கேட்கும். வலது காதில் நீங்கள் மட்டும். இது உனக்குத் தெரியாது. எந்த வயர் எங்கே போகிறது என்று நீ பார்க்கவில்லை. நீ பார்த்துக்கொண்டிருந்தது உன் காலடியை.

பிறகு கடையில் இரண்டு காதையும் ஒன்றாகக் கலந்து பிரதி எடுக்க உட்கார்ந்தோம். நீ எனக்குப் பின்னால் நின்று, அவளைக் குறைங்க, இன்னும் குறைங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். நான் குறைத்தேன். கலக்கியது என் கை, அளவு சொன்னது உன் வாய். யோகேஸ்வரி மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முழுப் பாட்டும் ஓடி முடிந்த பிறகுதான் வாய் திறந்தாள். "எஞ் சத்தம் கேக்கலயே" என்றாள். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதான் ஸ்டைல்" என்றாய்.

அதையும் அவள் பொறுத்துக்கொண்டாள். கோயில் திருவிழாவில் வாசிக்கக் கமிட்டி சம்மதித்ததும் அவளுக்காகத்தான். அந்தப் பிள்ளை பாடுகிறது என்றால் சரி என்று தலைவர் சொன்னதை நீயும் கேட்டாய். பொழுது சாய்ந்ததும் கூட்டம் நிறைந்துவிட்டது. நாலு தோட்டத்து ஆட்கள் என்று வைத்துக்கொள், நாற்பது என்றாலும் மறுக்க ஆளில்லை. அந்தக் கூட்டத்தில் உடப்புசல்லாவைப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அம்மா, அப்பா, ஒரு மகன். பெண் பார்க்க வீட்டுக்கு வருவதற்கு முன்னால் திருவிழாக் கூட்டத்தில் தூர நின்று பார்த்துவிட்டுப் போவது நம் ஆட்களின் வழக்கம், பிடிக்கவில்லை என்றால் யாருக்கும் வெட்கமில்லை. யோகேஸ்வரிக்கு விஷயம் தெரியும். அதனால்தான் அன்றைக்கு அந்த நீலச் சேலை. உனக்கும் தெரியும். நான்தான் சொன்னேன்.

நீ பெட்டியை மிதித்தாய். ஃபேக்டரிச் சங்கு ஊதியது. பின்வரிசையில் நின்ற சிலர் நெருப்புப் பிடித்துவிட்டது என்று ஃபேக்டரிப் பக்கம் ஓடினார்கள். மீதி இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். யோகேஸ்வரி மைக்கைப் பிடித்துக் கண்ணை மூடிப் பாடினாள். நீ ஸ்பீக்கர் மேசையில் இருந்த என்னைப் பார்த்து, அவளைக் குறைக்கச் சொல்லி விரலைக் கீழே காட்டினாய். இன்னும் கீழே காட்டினாய். கடைசியில் மேடையில் ஒரு பெண் வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள், சத்தம் ஒன்றும் வரவில்லை. முன்வரிசைப் பையன்கள் அதே மாதிரி வாயைத் திறந்து மூடிக் காட்டத் தொடங்கினார்கள். யாரோ ஒருவன் "ஊமைச்சி" என்றான். அது கூட்டம் முழுவதும் ஓடியது. அவளுக்கு மட்டும் கேட்கவில்லை, உன் இரைச்சல் அவள் காதையும் மூடியிருந்தது. ஆட்கள் சிரிப்பதைப் பார்த்து, ரசிக்கிறார்கள் என்று நினைத்து, இன்னும் கஷ்டப்பட்டுப் பாடினாள்.

வாசித்து முடித்துவிட்டு என் மேசைக்கு வந்து தண்ணீர் குடித்தாய். கூட்டம் சிரித்தது உன் சங்கீதத்தைப் பார்த்து என்ற கோபம் உன் முகத்தில் இருந்தது. அந்த உடப்புசல்லாவை அம்மா அப்போதுதான் உன்னிடம் வந்தார்கள். மெதுவாக, மரியாதையாகத்தான் கேட்டார்கள். "தம்பி, அந்தப் புள்ளைக்கு வாய் வராதா?" உன் கூட்டாளிகள் சுற்றி நின்றார்கள். நீ அவர்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, "ஆமாங்க, ஊமைச்சிதான். பொறப்புலயே" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள். எனக்கு அந்த நேரம் பார்த்து ஃபியூஸ் போயிற்று. அதைப் போட்டு நிமிர்வதற்குள் உடப்புசல்லாவைப் பஸ் கிளம்பிவிட்டது. பஸ்ஸின் பின்னால் வளைவு வரைக்கும் ஓடினேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் கையசைத்தார், நான் வழியனுப்புகிறேன் என்று நினைத்து.

அடுத்த கிழமை நீ கெசட் அட்டையில் பேண்டின் பேரை எழுதினாய். ஊமைச்சி என்று எழுதினாய். நல்லாயிருக்கில்ல என்று அவளிடமே காட்டினாய். அந்தப் பேரில்தான் பிரதிகள் கொழும்புக்குப் போயின, அந்தப் பேரில்தான் வெள்ளைக்காரர் மயங்கிக் கிடக்கிறார். இங்கே அந்தப் பேர் என்ன செய்தது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, ஆகவே கேட்காமலே சொல்கிறேன். அடுத்த மார்கழியில் அவள் பஜனைக்கு வந்து வாயைத் திறந்ததும் பின்னால் இருந்து ஒரு சிரிப்பு. வாயை மூடினாள். மூடியது மூடியதுதான். பிறகு கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டத்தில் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகப் போனாள். நல்ல மனிதர், குடிப்பார். பேரும் அவளோடு கூடவே போனது. கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார். அவளுடைய மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பேர், ஊமைச்சி மகள். காது குத்துகிற வீட்டில், சாவு வீட்டில், கோயிலில், எங்கேயும் யாரும் அவளை ஒரு பாட்டுப் பாடு என்று கேட்டதில்லை. ஊமைச்சியிடம் எப்படிக் கேட்பது?

நீ போனில் பேசி வைத்த பிறகு அவளுக்குச் சொல்லியனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை வந்தாள். நீ பார்த்தால் அடையாளம் தெரியாது, தெரிந்தாலும் பார்க்கமாட்டாய். ஹெட்ஃபோனை மாட்டி, இடது காதை மட்டும் திறந்து, ஒரிஜினலைப் போட்டேன். அவள் நின்றுகொண்டே கேட்டாள். அவளும் குனிந்து காலடியைத்தான் பார்த்தாள். அங்கே மிதிக்கப் பெட்டி ஒன்றும் இல்லை, கொழுந்து மலையில் அட்டை கடித்த தழும்புகள் மட்டும். அழுவாள் என்று நினைத்து கண்ணைத் துடைக்க என் லேஞ்சியைக்கூட எடுத்து வைத்தேன். அவள் அழவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, "ரெண்டாவது பாட்டுல மேல போற எடத்துல பிசிறுது மாமா. அன்னைக்கு எனக்குத் தடிமன்" என்றாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு, கேட்ட முதல் தடவையிலேயே. உனக்கு அது தெரிந்திருக்குமா? எனக்கே தெரியவில்லை.

பிறகு நீ கேட்டதைச் சொன்னேன். பேர் போடமாட்டாய் என்றும் சொன்னேன், வாத்தியம் என்று சொன்னதையும் மறைக்கவில்லை. சும்மா கொடுத்துவிடுவாள், அவள் குணம் அப்படி என்று நினைத்தேன். அவள் கடைக்கு வெளியே பஸ் வருகிறதா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு காதும் தனித்தனியாத்தானே இருக்கு மாமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப எம் பங்கு என்கிட்ட இருக்கட்டும். அவரு பங்க அவருக்குக் குடுத்துடுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். ஒரிஜினலை அவள் கையில் கொடுத்தேன். இனி அதன்மேல் யாரும் எதையும் பதியக்கூடாது என்று, கெசட்டின் முதுகில் இருக்கிற இரண்டு சின்ன பிளாஸ்டிக் காதுகளையும் என் ஸ்க்ரூ டிரைவரை வாங்கி அவளே உடைத்தாள். துணிப் பையில் உருளைக்கிழங்குக்கு அடியில் வைத்துக்கொண்டு கந்தப்பளைப் பஸ்ஸில் ஏறினாள். அவளிடம் போட்டுக் கேட்க மெஷின் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அதற்கு ஒரு வழி செய்கிறேன். இந்த மலைநாட்டில் மெஷினுக்கு என்னை விட்டால் யார்?

உனக்கு நான் கொடுக்க வேண்டிய புத்தி இதோடு தீர்ந்தது. போகிற இடத்தில் குளிருக்கு உடுத்து, நேரத்துக்குச் சாப்பிடு, எதிரில் இருப்பவர்களின் முகத்தைப் பார்த்துப் பேசு. நீ கேட்ட கெசட்டை இன்று காலைக் கொழும்பு பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து உன் நம்பரையும் சொல்லிவிட்டேன். அவள் போவதற்கு முன்னால் ஒரிஜினலின் வலது காதை மட்டும் புதுக் கெசட்டில் சுத்தமாக, ஒரு கீறல் இல்லாமல் பதிந்து எடுத்தேன். உன் கிட்டார் முழுசாக இருக்கிறது, சமனின் வாளியும் இருக்கிறது. உன் பங்கில் ஒரு துளி குறைக்கவில்லை. அட்டையில் பேண்டின் பேரையும் நீ எழுதியபடியே எழுதியிருக்கிறேன். அந்த வெள்ளைக்காரர் போட்டுக் கேட்பார். கொஞ்ச நேரம் காத்திருப்பார். பிறகு, பாடுகிற பிள்ளை எங்கே, அவளுக்கு வாய் வராதா என்று உன்னைக் கேட்பார். என்ன சொல்வது என்று உனக்குத் தெரியும். முன்பு ஒரு தடவை சொன்னதுதான்.

உன் சித்தப்பா,
ராகலை.